வளர்ச்சியை நிறுத்த ஒரு ஊசி

புது டாக்டர்களின் பயிற்சி வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரத்தை ஓய்வுபெற்றவர்களுக்கு ஒதுக்குவது நம் கால்நடைத் துறையின் பழைய மரபு. கேட்பவர்கள் தூங்கினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பேசுகிறவருக்கு ஒரு பொன்னாடை லாபம். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘பண்ணை விலங்குகளின் வளர்ச்சியில் ஹார்மோன்களின் பங்கு’. நேற்றுத்தான் அதைப் படித்துத் தேர்வெழுதிவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்குப் பாதி மறந்துவிட்டது. அதனால் ஹார்மோன்களை விட்டுவிட்டு, ஹார்மோன் கேட்டு நம்மிடம் வருகிற மனிதர்களைப் பற்றிப் பேசுகிறேன். அவர்களைப் பற்றி உங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்காது.

என் சொந்த ஊர் கிழக்குப் பாலக்காடு. முதலில் வேலை பார்த்ததும் அங்கேதான். அங்கே ஒரு கோழிக்கடைக்காரர் இருந்தார். ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிடும். அவர் கடைக்கு எதிரே புதிதாக ஒரு கடை முளைத்தது. ‘ஹார்மோன் இல்லாத கோழி’ என்று பெரிய போர்டு. கூட்டமெல்லாம் அங்கே போய்விட்டது. பாய் நேராக என்னிடம் வந்தார்.

“ஏனுங்க டாக்டரம்மா, எங்க கோழில ஹார்மோன் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க பாய். எல்லாக் கோழிலயும் இருக்கும். உங்க ஒடம்புலயும் இருக்குதுங்க. அது இல்லீன்னா வளர்ச்சியே இல்லீங்க. ஆனா யாரும் கோழிக்கு அத ஊசியாப் போடறதில்லீங்க.”

“அதத்தானுங்க நானும் சொல்றன்! கோழி விக்கற வெலைக்கு, ஒவ்வொண்ணாப் புடிச்சு ஊசி குத்த ஆள் வெச்சா, நா கடையப் பூட்டிப்போட்டு ஊட்டுக்குப் போகோணும்.”

திருப்தியாகப் போனார். மறுநாள் அவர் கடையிலும் போர்டு தொங்கியது: ‘இங்கே டாக்டர் ஒப்புக்கொண்ட ஹார்மோன் உள்ள கோழி மட்டுமே கிடைக்கும்.’ கூட்டம் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நான் சொன்னதில் பாதியைத்தான் அவர் எழுதியிருந்தார். ஆனால் அந்தப் பாதியில் பொய் ஒன்றும் இல்லை. மக்களுக்கு வேண்டியது ஹார்மோன் இருப்பதோ இல்லாததோ அல்ல, போர்டு என்பதை அன்று புரிந்துகொண்டேன். அந்த அறிவு இடுக்கி மலையில் எனக்கு மிகவும் உதவியிருக்க வேண்டும். உதவவில்லை.

மலைக்கு மாற்றலாகி, போடிமெட்டுப் பாதையை ஒட்டிய ஒரு மிருகாசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்தவர் தங்கராஜ். தாத்தா காலத்தில் தேனிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். தொடர்ந்து சில வருஷம் மழை ஏமாற்றியதில், தோட்டத்துப் பழைய பங்களாவுக்கு வெள்ளையடித்து, ரிசார்ட் என்று பெயர் வைத்திருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஏலச்செடியைத் தவிர வேறெதையும் அதுவரை நம்பாதவர், திடீரென்று எல்லாவற்றையும் நம்பத் தொடங்கியிருந்தார். அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் ஆசுபத்திரிக்கு வந்து, என் எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“டாக்டரம்மா, ஒரு ஊசி வேணும்.”

“எதுக்குங்க?”

“மாடு வளந்துக்கிட்டே இருக்கு.”

“நல்லதுதானுங்களே.”

“நல்லது இல்லம்மா. நிறுத்தணும்.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன். ஆடு பெருக்க வேண்டும், சேவல் கனக்க வேண்டும், காளைக்குத் திமில் ஏற வேண்டும் என்று கேட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். வளர்ச்சியை நிறுத்தச் சொல்லி வந்த முதல் ஆள் இவர்தான்.

விஷயம் இதுதான். குட்டை மாடு வைத்திருக்கும் ரிசார்ட்டுகளுக்குக் கூட்டம் வருகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாட்டுத் தரகர், “ஒரு வயசு முடிஞ்சிருச்சு, இதுக்கு மேல ஒரு விரக்கடை வளராது” என்று சத்தியம் செய்து ஒரு பசுவைத் தந்திருக்கிறார். இவர் அதற்கு டைனி என்று பெயர் வைத்து, அதன் படத்தைச் சாலையோரத்துப் போர்டில், டீக்கோப்பையில், துண்டில், தலையணை உறையில் எல்லாம் அச்சடித்துவிட்டார். படம் அச்சாகி வருவதற்குள் டைனி போர்டில் இருந்ததைவிடப் பெரிதாகிவிட்டது.

அன்று மதியமே போய்ப் பார்த்தேன். பங்களாவின் முன்னால் புல்வெளி. அதன் நடுவில் வைக்கோல் கூரை போட்ட ஒரு சின்ன மேடை. அதன்மேல் நெற்றியில் பூ வைத்து டைனி நின்றது. குட்டிதான். ஆனால் முட்டிகள் உடம்புக்குப் பொருந்தாமல் உருண்டிருந்தன. காது தலையைவிடப் பெரிது. வாயைத் திறந்து பார்த்தேன். எல்லாம் பால் பற்கள், இன்னும் தேயவே தொடங்கவில்லை. தாய்ப்பால் சரியாகக் கிடைக்காமல் மெலிந்துபோன, மூன்று மாதத்தைத் தாண்டாத கலப்பினக் கன்று. அதன் சாதிக்கு, வளர்ந்தால் என் தோளைத் தொடும்.

கன்றைப் பார்த்துக்கொண்டவள் முருகேஸ்வரி. நேற்றுவரை ஏலக்காய் எடுத்தவள். இப்போது நீல நிறச் சட்டை, கழுத்தில் ஓர் அட்டை. அதில் ‘அனிமல் எக்ஸ்பீரியன்ஸ் எக்ஸிகியூட்டிவ்’ என்று இருந்தது. டைனி என்பது அவள் வாயில் நிற்கவில்லை. தேனி என்றுதான் கூப்பிட்டாள். தோட்டத்தில் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. கன்றும் அதற்குத்தான் காது கொடுத்தது.

“இதுக்கு எவ்வளவு தீனி வெக்கறீங்க?” என்று கேட்டேன்.

“பாதி வயித்துக்குத்தான் வைக்கணும்னு மொதலாளி சொல்லுதாக டாக்டரம்மா,” என்றாள் முருகேஸ்வரி. “ஆனா வாறவுக எல்லாம் புல்லுக்கட்டு வாங்கிக் குடுக்காகள்லா. இது ராவும் பகலும் தின்னுக்கிட்டே இருக்கு.”

விருந்தாளிகள் கன்றுக்கு ஊட்டுவதற்காக ஒரு தட்டில் புல்லும் பழமும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார் தங்கராஜ். தொழுவத்தில் பட்டினி போடுவது அவர். புல்வெளியில் விருந்து வைப்பதும் அவர். ஏன் வளர்கிறது என்று என்னிடம் வந்து கேட்பதும் அவர்.

“இது கன்னுக்குட்டிங்க. தரகர் உங்கள ஏமாத்திப்போட்டார்,” என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. உண்மையாகவே அவருக்கு அது தெரியாது. கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒரு வழியும் இல்லையாம்மா?”

“மண்டைக்குள்ள பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்குதுங்க. அது சொல்லித்தான் எலும்பு நீளுது. உங்க போர்டுல என்ன எழுதியிருக்குன்னு அதுக்குத் தெரியாதுங்க.”

“எப்படியாச்சும் தெரியவைக்க முடியாதா?”

கிண்டலாகக் கேட்கவில்லை. கடனுக்கு வழி கேட்கிற மாதிரிக் கேட்டார். முடியாது என்றேன். வயிறு நிறையப் போடுங்கள், பெரிய மாடாகட்டும், பால் கறக்கலாம் என்றேன். பால் கறக்கிற மாட்டைப் பார்க்க யார் மலையேறி வருவார்கள் என்று திருப்பிக் கேட்டார்.

அடுத்து வந்தது சாதனை. ‘உலகின் மிகச் சிறிய வளர்ந்த பசு’ என்று பட்டயம் தர ஓர் அமைப்பு தயாராக இருந்தது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: இது முழு வளர்ச்சியடைந்த பசு என்று அரசு மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும். நான் மறுத்தேன். இரண்டு நாளில் மேலிடத்திலிருந்து போன் வந்தது. அன்பான மலையாளக் குரல்.

“டாக்டரே, அது ஒரு பசுவல்லே?”

“பசுதான் சார்.”

“சிறியதல்லே?”

“இப்போதைக்குச் சிறியதுதான்.”

“அப்போள் ‘சிறிய பசு’ன்னு எழுதினால் போதுமல்லோ? அதில் கள்ளம் ஒன்னும் இல்லல்லோ.”

“எழுதலாம் சார். ‘மூன்று மாதமானது, தினமும் வளர்கிறது’ என்றும் சேர்த்து எழுதுவேன்.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு, நான் மலைக்காற்றில் ஆரோக்கியமாக இருக்கிறேனா, மாற்றல் ஏதாவது வேண்டுமா என்றெல்லாம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். உங்களுக்கும் இப்படி போன் வரும். குரல் எவ்வளவு அன்பாக இருக்கிறதோ அவ்வளவு நிதானமாகப் பதில் சொல்லுங்கள். கோபப்பட்டால் பிரச்சினை உங்கள் கோபமாகிவிடும்; பசு மறந்துபோகும்.

தங்கராஜ் வேறு ஆளைப் பிடித்தார். சந்தைகளில் ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டு திரிகிற ஒருவர். விசிட்டிங் கார்டில் தன்னை ‘வளர்ச்சி ஆலோசகர்’ என்று போட்டிருந்தார். பெருநாள் நெருங்கினால் அவர் ஊசி போட்ட ஆடுகள் நாலே நாளில் பூரித்து நிற்கும். வாங்கியவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டியதும் சுருங்கிவிடும். வளர்க்கத் தெரிந்தவனுக்கு நிறுத்தத் தெரியாதா என்பது தங்கராஜின் கணக்கு. நியாயமான கணக்குதான்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். என் ஜீப்புக்கு எதிரே தன் ஜீப்பை நிறுத்தித் தங்கராஜ் தலையை நீட்டினார்.

“நீங்க முடியாதுன்னீங்க. நின்னுருச்சும்மா!”

“என்னங்க பண்ணுனீங்க?”

“கடவுள் செயல்,” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வளர்கிற கன்று நின்றுபோவது கடவுள் செயலாக இருப்பது அபூர்வம். அன்றே ரிசார்ட்டுக்குப் போனேன். டைனி ஓய்வெடுக்கிறது, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மாட்டு டாக்டருக்கு மாட்டைப் பார்க்க நேரம் வாங்க வேண்டிய காலம். திரும்பி வந்தேன். முருகேஸ்வரிக்கு மட்டும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன்: கன்றுக்கு ஏதாவது ஆனால் யாரிடமும் கேட்காமல் எனக்குச் சொல்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பின்னாளில்தான் எனக்குச் சொன்னார்கள். ஊசியின் வேகத்தில் கன்று ஓயாமல் தண்ணீர் குடித்தது, ஓயாமல் மூத்திரம் பெய்தது. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க ஒரு ஜோடி வந்திருந்தது. மணப்பெண் பட்டுச்சேலையோடு மண்டியிட்டு, டைனியைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிச் சிரித்தாள். கேமராக்காரர் “அப்படியே இருங்க” என்றார். அவள் அப்படியே இருந்தாள். டைனியும் அப்படியே நின்று, அவள் மடியிலேயே பெய்துவிட்டது. அந்த வீடியோ மலையைவிட்டு இறங்கி எங்கெங்கோ போனது. தங்கராஜுக்கு வந்த ஆத்திரத்தில் ஆலோசகரைத் திட்டி விரட்டி, மிச்சமிருந்த மருந்துப் புட்டிகளைத் தோட்டத்துச் சரிவில் வீசியெறிந்தார். ஊசி அன்றோடு நின்றது.

கன்றுக்கு ஆபத்து தொடங்கியதும் அன்றுதான்.

சில நாள் கழித்து, காலையில் பல்கூட விளக்கவில்லை, முருகேஸ்வரியின் போன். “டாக்டரம்மா, தேனி விழுந்துட்டு. எந்திரிக்க மாட்டேங்கு. காதெல்லாம் சில்லுனு கெடக்கு.”

ரிசார்ட்டுக்குள் நுழைந்தால் ஷாமியானா, நாற்காலி, மைக். சாதனை அமைப்பின் ஆட்கள் அன்றைக்குத்தான் அளக்க வந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட எந்த டாக்டரைப் பிடித்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கோட் போட்ட ஒருவர் கழுத்தில் அளவு நாடாவோடு நின்றார். மழைச்சாரலில் தங்கராஜின் வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. மேடையில் கன்று பக்கவாட்டில் சாய்ந்து, கழுத்தை நீட்டிக் கிடந்தது. சுற்றிலும் செல்போன்கள்.

“பக்கத்து எஸ்டேட்டுல நேத்து மருந்தடிச்சாங்கம்மா. அந்த வெஷந்தான்,” என்றார் தங்கராஜ். கூட்டம் முழுக்க அதையே சொன்னது. ஏலத்தோட்டத்து நடுவில் மாடு விழுந்தால் அதைத்தான் சொல்வார்கள். பலமுறை அது சரியாகவும் இருக்கும். என் பையில் விஷமுறிவு ஊசி இருந்தது. ஒருவர் என் பையை எனக்கு முன்பே திறந்துகொண்டிருந்தார்.

அளவு நாடாக்காரர் குனிந்து கேட்டார்: “மேடம், படுத்திருக்கும்போது உயரம் எடுத்தா செல்லுமா?”

அந்த நேரத்தில் உங்கள் கை எதையாவது செய்யத் துடிக்கும். இத்தனை பேர் பார்க்கும்போது ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு நான் பார்த்தேன். பூச்சிமருந்து விஷமென்றால் வாயில் எச்சில் வடிய வேண்டும், தசை துடிக்க வேண்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்க வேண்டும். ஒன்றும் இல்லை. வாய் காய்ந்திருந்தது. கண்மணி சாதாரணம். ஆனால் வயிறு மட்டும் குடம்போல, தொடையில் சதையே இல்லை, ரோமம் கையோடு வந்தது. கழுத்தைத் தடவினேன். தோலுக்கடியில் வரிசையாகக் கட்டிகள்.

“எல்லாரும் வெளிய போங்க,” என்றேன். யாரும் நகரவில்லை. “இது தொத்து நோயா இருக்கலாமுங்க. மனுசருக்கும் ஒட்டும்,” என்றேன். புல்வெளி காலியாகிவிட்டது. வந்திருந்த கூட்டத்தில் அளவு நாடாக்காரர் மட்டும் வாசல் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். சாதனை அவருக்கு உயிரைவிடப் பெரிது போலிருக்கிறது.

தங்கராஜிடம் கேட்டேன். “என்ன ஊசி போட்டீங்க?”

“ஊசியா? எந்த ஊசி?”

“கழுத்துல தடம் இருக்குதுங்க.”

“அது கொசு கடிச்சதும்மா. இந்த மலைக் கொசு…”

தூணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் கத்தியிருக்கலாம். கத்தினால் அவர் என்னோடு சண்டை போடுவார். சண்டைக்குள் பதில் தொலைந்துவிடும். கன்றின் நாடி என் விரலுக்குக் கீழே நூலாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையைப் பிடித்துக் கன்றின் காதில் வைத்தேன்.

“எவ்வளவு சில்லுனு இருக்குது பாருங்க. நான் உங்களக் குத்தஞ்சொல்லக் கேக்கலீங்க. என்ன போட்டீங்கன்னு தெரிஞ்சா ஒரு வழி இருக்குது. தெரியலீன்னா இல்லீங்க.”

அவர் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. முருகேஸ்வரி கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். ஊசியைப் பற்றி அவள் வாய் திறந்திருந்தால் வேலை போயிருக்கும்.

“வளராம இருக்க ஊசி,” என்றார் கடைசியில். எனக்கு மட்டும்தான் கேட்டது. பிறகு தூணுக்குப் பின்னால் இருந்தவருக்கும் கேட்கிற மாதிரி, இன்னொரு தடவை சொன்னார். “வளராம இருக்க ஊசி போட்டேம்மா. ஒரு மாசமா, ஒண்ணுவிட்டு ஒரு நாள். சேலை விவகாரத்துக்கப்புறம் நிறுத்திட்டேன். மருந்து பேரு தெரியாது. புட்டிய அங்கிட்டு எறிஞ்சுட்டேன்.”

“எங்கங்க?”

அவர் எழுந்து சரிவில் இறங்கினார். கன்றின் உடம்பில் சாக்கைப் போர்த்தி, குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கியிருந்தேன். அவர் திரும்பி வரும்போது வெள்ளைச் சட்டை சேறாகி, கணுக்காலில் அட்டைப்பூச்சிகள் தொங்கின. உள்ளங்கையில் ஒரு சின்னப் புட்டி.

லேபிளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. ஆலோசகர் ஆட்டுக்குப் போடும் அதே ஸ்டீராய்டு. பெரிதாக்க அதே மருந்து. சிறிதாக்கவும் அதே மருந்து. ஆட்டில் பசியைக் கிளப்பி நீர் கோக்க வைத்து ஊதிக்காட்டும். வளர்கிற கன்றில் எலும்பை நீளவிடாமல் அடக்கும். அறிவியல்படி அவர் இரண்டு இடத்திலும் சொன்னதைச் செய்திருக்கிறார். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மட்டும் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நீங்கள் அரசுப் பணியில் சேர்ந்திருப்பதால் உங்களுக்கு எளிதாகப் புரியும்படி சொல்கிறேன். சிறுநீரகத்தின் மேலே ஒரு சுரப்பி உட்கார்ந்து உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே தயாரிக்கிறது. அது நிரந்தரப் பணியாளர். அதே வேலைக்கு வெளியிலிருந்து ஊசி மூலம் தற்காலிகப் பணியாளரைக் கொண்டுவந்து உட்கார வைத்தால், நிரந்தரப் பணியாளர் என்ன செய்வார்? நீண்ட விடுப்பில் போய்விடுவார். பிறகு ஒருநாள் திடீரென்று தற்காலிகத்தை வெளியே அனுப்பினால் நாற்காலி காலி. விடுப்பில் போனவர் உடனே வரமாட்டார். அதற்குள் அலுவலகம் படுத்துவிடும்.

விஷமுறிவு ஊசி போட்டிருந்தால் கன்று அந்த மேடையிலேயே போயிருக்கும் என்று நினைக்கிறேன். என் பையிலிருந்து மருந்தை எடுத்தேன். தங்கராஜ் லேபிளை எட்டிப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“டாக்டரம்மா, இது அதே ஊசியில்ல?”

“அதேதானுங்க.”

“அப்ப அவன் போட்டது சரிதானம்மா?”

“இல்லீங்க. அவன் கயித்தக் கட்டிக் கெணத்துக்குள்ள எறக்கினான். நீங்க பாதியில கயித்த அறுத்துப்போட்டீங்க. நான் மறுக்காக் கயித்தப் போட்டு, மெதுவா மேல தூக்கோணும்.”

புரிந்ததோ இல்லையோ, கன்றின் கால்களைத் தன் துண்டால் தேய்க்கத் தொடங்கினார். துண்டிலும் டைனியின் படம்.

வெயில் கொஞ்சம் தெளிந்தபோது காது சூடானது. பிறகு தலையைத் தூக்கியது. உச்சிப்பொழுது நெருங்கும்போது முன்னங்கால் ஊன்றி, ஒருமுறை சரிந்து, மறுபடி ஊன்றி எழுந்து நின்றது. முருகேஸ்வரி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தூணுக்குப் பின்னாலிருந்து அளவு நாடாக்காரர் வந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

“சார், இப்ப நிக்குது. எடுத்துடலாமா? ஒரு நிமிஷ வேலை.”

அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கேட்டும் அளக்கத் தயாராக இருந்தார். தங்கராஜ் வேண்டுமென்றால் அந்த நிமிஷத்தில் உலக சாதனையாளர். தடுக்க ஒருவரும் இல்லை. அவர் மாடு, அவர் மேடை.

தங்கராஜ் போர்டைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், தன் காலிலிருந்து வடிந்த ரத்தத்தைப் பார்த்தார்.

“வேணாங்க,” என்றார். “இது கன்னுக்குட்டி.”

அதன் பிறகு நான் வாரக்கணக்கில் அந்தத் தோட்டத்துக்குப் போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் மருந்தைக் கொஞ்சம் குறைத்தேன். நிறுத்த வேண்டிய மருந்தைப் போட்டுக்கொண்டே நிறுத்துவது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. ‘ஊசி போடாதேன்னு சொன்ன டாக்டரம்மாவே இப்ப ஊசி போடறா’ என்றார்கள். வளர்ச்சி ஆலோசகர் அதைச் சந்தையில் தனக்கு நற்சான்றாகச் சொல்லித் திரிந்தார். அவர்மேல் நான் புகார் எழுதினேன். விசாரித்ததில், அப்படி ஓர் ஆள் பதிவில் இல்லாததால் நடவடிக்கை எடுக்க இயலவில்லை என்று பதில் வந்தது. பதிவில்லாததுதானே புகார் என்று திருப்பி எழுதினேன். அதற்குப் பதில் வருவதற்குள் ஓய்வுபெற்றுவிட்டேன்.

மருந்தே போடாத முதல் நாள் ஒன்று வந்தது. அன்று காலை பனி விலகுமுன் போய்விட்டேன். விடுப்பில் போன சுரப்பி திரும்பி வந்துவிட்டதா என்பதை எந்தக் கருவியும் எனக்குச் சொல்லாது; கன்று எழுந்தால் வந்துவிட்டது, எழாவிட்டால் இல்லை. தங்கராஜ் எனக்கு முன்பே தொழுவத்தில் குந்தியிருந்தார். முருகேஸ்வரி கழுநீர் வாளியோடு நின்றாள். கன்று படுத்தே கிடந்தது.

முருகேஸ்வரிதான் பொறுக்காமல், “ஏ தேனி,” என்றாள்.

கன்று பின்பக்கத்தைத் தூக்கியது. எழுந்தது. உடம்பை ஒருமுறை உதறியது. வாளியை நோக்கிப் பாய்ந்த வேகத்தில் வழியில் குந்தியிருந்த தங்கராஜை எட்டி உதைத்துத் தள்ளியது. அவர் சாணியில் மல்லாந்து விழுந்தார். எழுந்திருக்கவில்லை. விழுந்த இடத்திலேயே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “உதைக்குதும்மா! என்னா உதை உதைக்குது!” என்று சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது. வலியா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

தேனி வளர்ந்தது. விட்ட வளர்ச்சியையும் சேர்த்து வளர்ந்தது. மேடையின் கூரை அதன் முதுகில் இடித்தபோது தங்கராஜே மேடையைப் பிரித்துப்போட்டார். சாதனைக்காரர்கள் வேறொரு ரிசார்ட்டில் மிகப் பெரிய டீக்கோப்பைக்குப் பட்டயம் கொடுத்ததாகக் கேள்வி. இப்போது விருந்தாளிகளுக்குத் தேனியின் பாலில் காப்பி போடுகிறார்கள். குடிக்க மலையேறி யாரும் வருவதில்லைதான். வந்தவர்கள் இரண்டாவது கோப்பை கேட்கிறார்கள்.

உங்களில் பாதிப் பேர் தூங்காமல் இருப்பது தெரிகிறது. அதனால் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். விழுந்து கிடக்கும் மாட்டின் முன்னால் போய் நின்றதும் பையைத் திறக்காதீர்கள். முதலில் வேடிக்கை பார்ப்பவர்களை வெளியே அனுப்புங்கள். பிறகு, என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பொய் சொல்வார்கள். கோபப்படாமல், இன்னொரு முறை கேளுங்கள்.